அம்மாவைப் பற்றி மட்டும் எழுதவும்

மட்டாஞ்சேரி
24.11.2024

செல்விக்கு,

நீ ஊருக்குப் போய் இரண்டு வாரமாகிறது. மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். உன் கணவர் எடுத்து, "அவ பேச மாட்டா" என்று வைத்துவிட்டார். நான்காவது முறை எடுக்கவே இல்லை. அதனால் கடிதம். உன் ஆதார் நகல் என் பீரோவில் இருந்தது, முகவரி அதிலிருந்து கிடைத்தது.

கண் எப்படி இருக்கிறது? உன்னை இங்கே வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர்தான் சொன்னார், நெற்றியில் வந்தது அக்கி என்றும் அது வலது கண்ணுக்குள் இறங்கிவிட்டது என்றும் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றும். கேட்டதிலிருந்து மனது சரியில்லை.

ஒன்று மட்டும் எழுதவேண்டும் என்று தோன்றுகிறது. கிளம்பும்போது, "ஊருக்குப் போயி வேளார்கிட்ட அக்கி எழுதிக்கிடுதேன் டீச்சர்" என்றாய். நான் இருபத்துமூன்று வருஷமாகக் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். அக்கி என்பது சின்ன வயதில் வந்துபோன சின்னம்மையின் கிருமிதான். நரம்புக்குள் வருஷக்கணக்கில் பதுங்கிக் கிடந்து, உடம்பு அசந்த நேரத்தில் வெளியே வருகிறது. காவிமண்ணைக் கரைத்துக் கோழியிறகால் சிங்கம் எழுதினால் அது போகாது. கொப்பளம் கண்ட மூன்று நாளுக்குள் மருந்தைத் தொடங்கவேண்டும். அந்த நாட்களை நீ வேளாரிடம் இழந்திருப்பாய் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை.

அம்மா அப்படியேதான் இருக்கிறாள். இரவு ஒரு மணிக்கு எழுந்து, பால்காரன் வந்துவிட்டான் என்று வாசல் கதவைத் திறக்கப் போகிறாள். ஏஜென்சியில் வேறு ஆள் தரவில்லை. நான்தான் கூடப் படுக்கிறேன். அம்மா எத்தனை மணிக்கு விழித்தாள், எவ்வளவு நேரம், என்ன செய்தாள் என்று டாக்டருக்காக நீ எழுதிவந்தாயே, அந்த நோட்டில் இப்போது நான் எழுதுகிறேன். நேற்று என்னைப் பார்த்து, "அவ எங்கடீ? நீ யாரு?" என்றாள்.

உன் இரண்டு சேலைகளும் ஸ்வெட்டரும் இங்கே இருக்கின்றன. கண் சரியானதும் வருவாய் என்று நம்புகிறேன்.

ஸுப்ரியா


புளியங்குடி
2.12.2024

டீச்சருக்கு இசக்கிசெல்வி எழுதுவது.

ஒத்தக் கண்ணால எழுதுதேன். கோடு வளைஞ்சு போனா பொறுத்துக்கிடுங்க. பதினோரு மாசம் உங்க நோட்டுல எழுதி எழுதிக் கை பழகிப் போச்சு, இல்லன்னா பத்தாப்புப் படிச்சவளுக்கு இம்புட்டு எழுத வராது.

ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் இருந்தேன். வலது கண்ணுல கருவிழி மேல தழும்பு விழுந்துட்டாம். விரலைக் காட்டினா எத்தனைன்னு சொல்லுதேன். முகத்தைக் காட்டினா ஆரு முகம்னு தெரியல. மருந்து ஊத்திட்டு வா, இன்னும் ஒரு மாசம் பாப்போம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக. எரிச்சல் நிக்கல. நெத்தியில சீப்புப் பட்டாலே உயிர் போகுது.

உங்க காயிதம் வந்த அன்னைக்கு நான் கண்ணுக்கு மருந்து ஊத்திட்டுப் படுத்திருந்தேன். எங்க வீட்டுக்காரர் பிரிச்சுப் படிச்சுட்டாரு. அவரு எலுமிச்சை மண்டியில வேலை பாக்காரு. நான் வந்த அன்னைக்கு லோடு ஏத்திக்கிட்டு வெளியூர் போயிருந்தாரு, மூணு நாள் கழிச்சுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. நான் ஊருக்கு வந்து எத்தனை நாளாச்சுன்னு அவருக்குத் தெரியாது. வந்ததும் டாக்டரம்மா அவரைப் பிடிச்சு, "யாருய்யா இந்தப் பொம்பள நெத்தியில சந்தனத்தைக் குழைச்சு அப்பினது? மூணு நாள் அதை வெச்சிக்கிட்டு இருந்திருக்காளே"ன்னு சத்தம் போட்டாக. அவரு என்னைப் பாத்தாரு. நான் ஒண்ணும் சொல்லல. ஏன் சொல்லலன்னு உங்களுக்குத் தெரியும்.

இப்ப உங்க காயிதத்தைப் படிச்சதும், "காலேஜ் டீச்சரே எழுதியிருக்கு, வேளாருதான் உன் கண்ணைக் கெடுத்தது"ன்னு எந்திரிச்சுட்டாரு. நான் கத்துதேன், கேக்கல. மண்டியில இருந்து ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு சங்கரலிங்க வேளார் வீட்டுக்குப் போயி, அவரு கார்த்திகைக்கு வனைஞ்சு காயப் போட்டிருந்த அகல் விளக்கு எல்லாத்தையும் மிதிச்சுட்டாரு. எல்லாம் பச்சை மண்ணு. வேளாரு வயசானவரு, பாத்துக்கிட்டே நின்னாராம். இப்ப ஊர்ல ஒருத்தரும் பிள்ளையை அவருகிட்டக் கூட்டிட்டுப் போகல. போலீசுல எழுதிக் கொடுக்கப் போறேன்னு இவரு நிக்காரு.

நடந்தது என்னன்னு கேளுங்க டீச்சர். நான் திங்கக்கிழமை காலையில பஸ்ஸை விட்டு இறங்கி, நேரா வேளார்கிட்டத்தான் போனேன். அவரு காவியைக் கரைக்கவே இல்ல. என் முகத்தைத் தூக்கிப் பாத்தாரு. மூக்கு நுனியில ஒரு கொப்பளம் இருந்துச்சுல்லா, அதைப் பாத்ததும் கையை எடுத்துட்டாரு. "ஏ பிள்ள, மூக்கு நுனிக்கு வந்துட்டா கண்ணுக்குப் போவும். இது என் கையில இல்ல. நீ வீட்டுக்குக்கூடப் போவாத, இப்படியே திருநெல்வேலி பஸ்ஸுல ஏறு"ன்னாரு. ஏத்தி விட்டதும் அவருதான். மத்தியானத்துக்குள்ள ஆஸ்பத்திரியில இருந்தேன்.

இதை நான் சொன்னா எங்க வீட்டுக்காரர் நம்ப மாட்டேங்காரு. "வேளாருக்காகப் பேசாத. அப்ப சந்தனம் எங்கிருந்து வந்துச்சு?"ங்காரு.

எங்கிருந்து வந்துச்சுன்னு நீங்க எழுதுங்க. கொப்பளம் என்னைக்கு வந்துச்சு, நீங்க என்னைக்குப் பாத்தீக, என்ன சொன்னீக. அது போதும். என் வாயால நான் சொல்ல மாட்டேன், உங்க வீட்டுச் சோத்தைத் தின்னிருக்கேன். நீங்க எழுதினா அவரு நம்புவாரு. படிச்சவுக எழுத்துன்னா அவருக்கு வேதம்.

பெரியம்மாவுக்கு ஒரு மணிக்கு எந்திரிக்கும்போது கதவை மறிக்காதீங்க, கோவம் வந்துரும். ஒரு பாத்திரத்தைக் கையில கொடுத்து, "பால் வாங்கியாச்சு"ன்னு சொல்லுங்க. படுத்துருவாக.

இசக்கிசெல்வி


மட்டாஞ்சேரி
8.12.2024

செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாத்திர யோசனைக்கு நன்றி. பலன் இருக்கிறது.

வேளார் விஷயத்தில் உன் கணவர் செய்தது தவறு. நான் பொதுவாக எழுதியதை அவர் அப்படி எடுத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை. நீ கேட்டபடி தனித் தாளில் ஒரு குறிப்பு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். "இசக்கிசெல்விக்கு ஏற்பட்ட பாதிப்பு கிருமியால் வந்தது. சந்தனமோ காவியோ அதற்குக் காரணமல்ல. இதில் எந்தத் தனி நபரையும் பொறுப்பாக்க முடியாது." உன் கணவருக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

தேதிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். சரியாக நினைவில்லாத ஒன்றை நான் எழுத்தில் கொடுக்கக்கூடாது. அந்த வாரம் வேலை அதிகம். ஆரம்பத்தில் அது அக்கிதான் என்று யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

இரவில் தூக்கமில்லாமல்தான் இது வந்தது என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னதாக ஏஜென்சிக்காரர் சொன்னார். தூக்கம் குறைந்தால் நோய் எதிர்ப்பு குறைகிறது என்பது ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற உண்மை. ஒரு தனி ஆளைக் காட்டி, இவளுக்கு இது இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. நன்றாகத் தூங்குகிறவர்களுக்கும் அக்கி வருகிறது. தவிர, பகலில் அம்மா தூங்கும்போது நீயும் தூங்கலாம் என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன்.

சேலைகளைப் பார்சலில் அனுப்பட்டுமா?

ஸுப்ரியா


புளியங்குடி
14.12.2024

டீச்சர்,

நீங்க வெச்சு அனுப்பின தாளை எங்க வீட்டுக்காரர்கிட்டக் காட்டினேன். ரெண்டு தடவை படிச்சாரு. "இதுல ஒண்ணுமே இல்லையே பிள்ள"ன்னாரு. நிசந்தான.

நேத்து கார்த்திகை. எங்க தெருவுல எல்லாரும் கடையில வாங்கின மெழுகு விளக்கை ஏத்துனாக. வேளாரு வீடு இருட்டாக் கிடந்துச்சு.

உங்களுக்குத் தேதி நினைவில்ல. எனக்கு நினைவு இருக்கு. புதன்கிழமை ராத்திரி எனக்கு நெத்தி பிடுங்குச்சு. வியாழக்கிழமை காலையில நீங்க காலேஜுக்குக் கிளம்பும்போது முகத்தைக் காட்டினேன். சன்னல்கிட்டக் கூட்டிட்டுப் போயி வெளிச்சத்துல பாத்தீக. ரொம்ப நேரம் பாத்தீக. பொறவு, "சாரமில்லை, ஒண்ணுமில்லை, சூட்டுக் கொப்பளம். சந்தனம் இழைச்சுப் போட்டுக்கோ"ன்னீக. சாமி ரூம்பு சந்தனக்கட்டையை நீங்களே எடுத்துத் தந்தீக. அன்னைக்கு வரைக்கும் நான் அதைத் தொட்டதில்ல. எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு.

பகல்ல தூங்கலாம்னு சொன்னீக. ஆமா. சமையல் மேடை மேல ஒரு சீட்டும் ஒட்டியிருந்தீக. சாம்பார், ரசம், துணி, மாடிப்படி, பெரியம்மா குளியல். அதுல தூக்கம்னு ஒரு வரி இருந்துச்சான்னு போயிப் பாருங்க. ஒட்டினபடியேதான் இருக்கும்.

அந்த வாரம் வேலை அதிகம்னு எழுதியிருக்கீக. சனிக்கிழமை கலூர்ல தூக்கத்தைப் பத்தி உங்க பிரசங்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி பெரியம்மா கட்டில்கிட்ட நின்னு சொல்லிப் பாத்தீகளே. மலையாளத்துல சொன்னீக, எனக்கு இப்ப நல்லாவே புரியும். தூங்காதவங்க உடம்புல காவல்காரன் குறைஞ்சு போவான், ஆறு மணி நேரம் தூங்கலன்னா சளி பிடிக்கிறதே பல மடங்கு அதிகம்னு சொன்னீக. நான் பெரியம்மா காலைப் பிடிச்சு விட்டுக்கிட்டுத் தரையில உக்காந்திருந்தேன். நெத்தியில சந்தனம். என்னைப் பாத்து, "புரியறதா செல்வி?"ன்னு கேட்டீக. "புரியுது டீச்சர்"னேன்.

புரிஞ்சுதுன்னுதான் சொன்னேன். நீங்க மேல ஒண்ணும் கேக்கல.

சேலை வேண்டாம். ஆருக்காச்சும் கொடுத்துருங்க.

இசக்கிசெல்வி


மட்டாஞ்சேரி
22.12.2024

இசக்கிசெல்விக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் கணவர் இசக்கிராஜாவும் சங்கரலிங்க வேளாரும் கேட்கும்படி உரக்கப் படிக்கவேண்டும். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

நவம்பர் ஏழாம் தேதி, வியாழக்கிழமை காலை, எட்டரை மணிக்கு இசக்கிசெல்வியின் முகத்தை நான் பார்த்தேன். நெற்றியின் வலது பாதியில் மட்டும் கொப்பளங்கள். நடுக்கோட்டைத் தாண்டவில்லை. சூட்டுக் கொப்பளம் அப்படிக் கோடு பார்த்து வராது. மூக்கு நுனியில் ஒன்று இருந்தது. அங்கே வந்தால் கண்ணுக்குப் போகிற நரம்பு பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். இதை ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்கிறேன், பரீட்சையிலும் கேட்டிருக்கிறேன். வேளார் பார்த்ததும் தெரிந்துகொண்டது எனக்கும் பார்த்ததும் தெரிந்தது. அவர் கையை எடுத்துவிட்டு பஸ் ஏற்றினார். நான் சந்தனக்கட்டையைக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் அன்றைக்கு விடுப்பு எடுக்கவேண்டும். படுக்கச் சொல்லிவிட்டால் அம்மாவோடு யார் இருப்பது, சனிக்கிழமை கலூர் கூட்டம் என்ன ஆவது. ஜன்னலருகே ரொம்ப நேரம் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். முகத்தைப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகவில்லை. மிச்ச நேரம் இதைத்தான் கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றார்கள். இசக்கிசெல்வி எழுதிய நோட்டில் ஒரு வாரத்தைப் படம் பிடித்துத் திரையில் காட்டினேன், எண்பத்தொரு வயதான ஒரு பெண்மணியின் உடைந்த தூக்கம் இது என்று. ஒருவர் எழுந்து, இவ்வளவு சரியாக யார் குறித்தது என்று கேட்டார். வீட்டில் ஓர் உதவியாளர் என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை இசக்கிசெல்வியின் கண் சிவந்து மூடிக்கொண்டது. எனக்குப் பயம் வந்தது. அவர் கண்ணை நினைத்துப் பயந்தேன் என்று எழுதத்தான் ஆசை. என் வீட்டில் இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் என்ன பதில் சொல்வது என்றுதான் பயந்தேன். "அம்மாவுக்குத் தொத்திண்டுடும், நீ ஊருக்குப் போய்க் காமிச்சுக்கோ" என்றேன். அதுவும் பொய். அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே சின்னம்மை வந்துபோயிற்று, இவரிடமிருந்து அவளுக்கு ஒன்றும் வராது. ஆட்டோ ஓட்டுகிற யூசுப் வாசலில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஆசுபத்திரியிலேக்கல்லே டீச்சரே?" என்று கேட்டான். "பஸ் ஸ்டாண்டுக்கு" என்றேன். அவன் இப்போது என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

பிறகு அந்த முதல் கடிதம். வேளாரிடம் நாட்களை இழந்திருப்பாய் என்று எழுதியபோது, அந்த மூன்று நாளும் என் வீட்டில் கழிந்தவை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். படித்தவள் சொன்னால் நம்புவார்கள் என்பதும் தெரியும். இசக்கிராஜா அவர்களே, நீங்கள் மிதித்த விளக்குகளுக்கும் நான்தான் காரணம். போலீசில் எழுதிக் கொடுப்பதானால் என் பெயரை எழுதுங்கள். மேலே முகவரி இருக்கிறது, இந்தக் கடிதமே சாட்சி. சங்கரலிங்க வேளாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். காவியும் இறகும் என்று நான் எழுதிய வரியை நினைத்தால் கூசுகிறது. காவியில் சிங்கம் எழுதினால் அக்கி போகும் என்று இப்போதும் நான் நம்பவில்லை. ஆனால் அன்றைக்கு உங்கள் கைக்கு எது முடியாது என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு எது தெரியும் என்பதை நான் சொல்லவில்லை.

தூக்கத்தால்தான் அக்கி வந்தது என்று ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது என்று எழுதினேன். அது பொய்யில்லை. அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதுதான் விஷயம்.

இப்போது ஆறு வாரமாக அம்மாவோடு நான் படுக்கிறேன். மூன்றாவது வாரம் உதட்டில் கொப்பளம் வந்தது. ஐந்தாவது வாரம் காய்ச்சல். வகுப்பில் ஒரு பெயர் மறந்து, பலகை முன்னால் நின்றேன். ஆறு வாரத்துக்கே இப்படி. கடந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பதினோரு மாதமும் அதை டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறேன், ஆனால் அம்மா எப்போது விழித்தாள் என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். அந்த மணியெல்லாம் அதை எழுதியவளும் விழித்திருந்த மணி என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. கோயில் கொடைக்கு நீங்கள் ஊருக்குப் போன நாலு நாள் போக முந்நூற்று முப்பத்தொரு இரவு. அம்மா ஒரே ஒருமுறை விழித்த அல்லது விழிக்காத இரவுகளை எண்ணினேன். ஒன்பது.

மார்ச் பத்தொன்பதாம் தேதிப் பக்கம் உங்களுக்கு நினைவிருக்கலாம். கடைசிக் கட்டத்தில் 'குறிப்பு' என்று போட்டிருக்கும் இடத்தில், "எனக்கு மூணு நாளா தலைவலி, காய்ச்சல்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் கீழே சிவப்பு மையில் என் கையெழுத்து. "அம்மாவைப் பற்றி மட்டும் எழுதவும்." அதற்குப் பிறகு நவம்பர் வரை அந்தக் கட்டத்தில் உங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சமையல் மேடைச் சீட்டைப் போய்ப் பார்த்தேன். தூக்கம் என்று ஒரு வரி இல்லை.

ஸுப்ரியா


புளியங்குடி
2.1.2025

டீச்சருக்கு,

காயிதத்தை நான் படிக்கல. எங்க வீட்டுக்காரரைப் படிக்கச் சொன்னேன். வேளாரு வீட்டு முத்தத்துல வெச்சு, அவரு நிக்க, வேளாரு குத்தவெச்சு உக்காந்திருக்க, அக்கம்பக்கத்துலயும் ஆளு வந்துட்டாக. சன்னல்கிட்ட கணக்குப் போட்டேன்னு எழுதியிருக்கீகள்ல, அந்த இடத்துல இவரு தாளை மடக்கிட்டாரு. வேளாருதான், "படிப்பா, நிறுத்தாத"ன்னாரு.

முடிச்சதும் வேளாரு கேட்டது ஒண்ணுதான். "அந்த டீச்சரம்மாவுக்கு இப்ப ராத்திரி ஒத்தாசைக்கு ஆளு இருக்கா?" எனக்குச் சிரிப்பு வந்துட்டு, பொறவு அழுகை வந்துட்டு. அழுதா அந்தக் கண்ணு எரியுது.

இவரு மறுநாள் மண்டிக்குப் போகாம வேளாருக்குக் களிமண்ணு மிதிச்சுக் கொடுத்தாரு. "மிதிக்கத்தான் தெரியுதே, ஒழுங்கா மிதி"ன்னு வேளாரு. பொங்கப்பானைக்கு ஆளுக வர ஆரம்பிச்சிருக்காக. போலீசுக்குப் போகல. உங்களுக்காக இல்ல. எனக்கு அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தெம்பு இல்ல.

கண்ணு இதுக்கு மேல தெளியாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. ஊசியில நூல் கோக்க முடியல. எலுமிச்சையில பழுத்தது எது, காய் எதுன்னு இடது கண்ணால பிரிக்கலாம். அந்த வேலைக்குப் போகப் போறேன். பகல் வேலை.

நான் இனிமே வர மாட்டேன். நீங்க எனக்கு 'நீங்கள்'னு எழுதினதைப் பாத்து என்னவோ போல இருந்துச்சு. வேண்டாம்னும் சொல்ல மாட்டேன்.

உங்க மேல எனக்குக் கோவம் போயிருச்சான்னு கேட்டா, போகல. ராத்திரி பத்து மணிக்குப் படுத்தா இப்பவும் ஒரு மணிக்கு முழிப்பு வருது. கதவைத் திறக்க ஆரும் வரலன்னு தெரிஞ்சும் எந்திரிச்சு உக்காந்துக்கிடுதேன்.

சேலை வேண்டாம்னேன். அந்த நோட்டை அனுப்புங்க. அது பெரியம்மாவோட நோட்டுன்னு நீங்க வெச்சிருக்கீக. அது என் ராத்திரி. என்கிட்ட இருக்கட்டும்.

இசக்கிசெல்வி


மட்டாஞ்சேரி
9.1.2025

இசக்கிசெல்விக்கு,

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். நவம்பர் ஒன்பதுக்குப் பிறகு நான் எழுதிய பக்கங்களைப் பிரித்து எடுத்துக்கொண்டேன், அவை உங்களுடையவை அல்ல. அட்டையில் அம்மாவின் பெயர் இருந்தது. அதை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன்.

மார்ச் பத்தொன்பதாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். சிவப்பு மையின் மேல் வெள்ளை பூசி மறைக்கலாமா என்றும் நினைத்தேன். பூசும் குப்பியைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அது அப்படியே இருக்கிறது.

ஸுப்ரியா